காலடி ஓசையில் கேட்கும் போர்

ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடரில் வரும் சார்ஜென்ட் மில்னர் எப்படி நடக்கிறார் என்பதை முதல் முறை பார்த்தபோது நான் கவனிக்கவே இல்லை. கொலை செய்தது யார், அந்தக் கடிதத்தை எரித்தது யார், இரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் நின்றது யார் என்ற கேள்விகளின் பின்னாலேயே என் கண் ஓடிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, விடைகளெல்லாம் தெரிந்த பிறகு, அதே தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தபோதுதான் அந்த நடையில் இருந்த லேசான தாங்கல் கண்ணில் பட்டது. ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்பிய மனிதன் அவன் என்று முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு அதைப் பற்றி அடிக்கடி பேசுவதில்லை. ஆனாலும் அந்தக் கால் எல்லாக் காட்சிகளிலும் இருக்கிறது. துப்பறியும் தொடர்களில் போரின் காயம் பாத்திரங்களை எப்படி ஆழமாக்குகிறது என்று யோசிக்க வைத்தது அந்த நடைதான்.

நான் சொல்வது 'ஃபாயில்ஸ் வார்' என்ற பிரிட்டிஷ் தொடரை. ஐடிவி தொலைக்காட்சியில் 2002 முதல் 2015 வரை, இடைவெளி விட்டு விட்டு, மொத்தம் 28 எபிசோடுகள் வந்தன. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில், 1940-ஆம் ஆண்டு மே மாதத்தில் கதை தொடங்குகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் கிறிஸ்டோபர் ஃபாயில் என்ற காவல்துறை உயரதிகாரி ஒரு கொலை வழக்கை விசாரித்துக்கொண்டிருக்கிறார். மனைவியை இழந்தவர், முதல் உலகப் போரில் களம் கண்டவர், ஒரே மகன் ராயல் விமானப்படையில் விமானி. அவருக்குக் கார் ஓட்ட, சீருடை அணிந்த பெண்களின் போக்குவரத்துப் பிரிவிலிருந்து வரும் இளம்பெண் சாம். துணைக்கு மில்னர். இந்த மூவருக்குள் கதையின் பெரும்பகுதி நடக்கிறது.

துப்பறியும் கதையின் அடிப்படை வாக்குறுதி மிகவும் எளிமையானது. ஓர் உயிர் பறிக்கப்பட்டால் அதற்கு ஒருவர் பொறுப்பு. அவரைக் கண்டுபிடித்தே தீருவோம் என்பதுதான் அது. வாசகனோ பார்வையாளனோ இந்த வாக்குறுதியை நம்பித்தான் கதைக்குள் வருகிறான். போர் இந்த வாக்குறுதியை அடியோடு கேலிக்கூத்தாக்கிவிடுகிறது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்படுகிறார்கள், யாரும் கைது செய்யப்படுவதில்லை, கொன்றவர்களில் சிலருக்குப் பதக்கம் கிடைக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விடுதிக்காரரின் சாவுக்கோ, ஒரு பண்ணையாளின் சாவுக்கோ ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி ஃபாயிலை நோக்கி வெவ்வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அவரும் தொடக்கத்தில் போர் சார்ந்த வேலைக்குத் தன்னை மாற்றும்படி மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறார், மறுக்கப்படுகிறது. தான் செய்யும் வேலை அற்பமானதோ என்ற சந்தேகம் அவருக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்தச் சந்தேகத்துக்குத் தொடர் சுலபமான பதில் தருவதில்லை என்பதால்தான் அதன் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. 1940 செப்டம்பரில் அமெரிக்கா 50 பழைய போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்தது வரலாற்றுச் செய்தி. அந்தக் காலகட்டத்தில் நடக்கும் ஓர் எபிசோடில், கொலைகாரன் யார் என்று ஃபாயில் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் அந்த மனிதன் பிரிட்டனுக்கு உதவி பெற்றுத் தருவதில் முக்கியமானவன் என்பதால் அவனைத் தொட முடிவதில்லை. போர் ஒருநாள் முடியும், அன்று உன்னைத் தேடி வருவேன் என்ற பொருளில் அவனிடம் சொல்லிவிட்டு நிற்கிறார். ஃபாயிலாக நடிக்கும் மைக்கேல் கிச்சன் அந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. பொதுவாகவே, தமக்கு எழுதப்பட்ட வசனங்களைக் குறைக்கச் சொல்லும் நடிகர் அவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மௌனத்தைப் பார்க்கும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் பதுங்குகுழிகளில் எதையெல்லாமோ பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமலே ஒரு மகனை வளர்த்து ஆளாக்கிய தகப்பனின் மௌனம் என்றே எனக்குத் தோன்றும். முதல் போரில் அவருக்கு என்ன நடந்தது என்று நீண்ட ஃபிளாஷ்பேக் எதுவும் போட்டுக் காட்டாமல், அடுத்தவர் பேசும்போது அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதிலேயே அதை வைத்திருக்கிறார்கள்.

மில்னருக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்தத் தொடரின் மிகச் சிறந்த பாத்திரப் படைப்பு அவன்தான் என்பது என் கருத்து. அவன் காலை இழந்தது நார்வேயில், ட்ரோன்ட்ஹெய்மைக் கைப்பற்ற நடந்த முயற்சியில். 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகள் நாம்சோஸ், ஆண்டல்ஸ்னெஸ் துறைமுகங்களில் இறங்கின. போதிய விமானப் பாதுகாப்பு இல்லாமல் அடிவாங்கி, மே மாதத் தொடக்கத்திலேயே திரும்பி வந்தன. அடுத்த சில வாரங்களில் டன்கர்க் நடந்தது. அங்கிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் மீட்கப்பட்ட கதை நாட்டின் பெருமையாக மாறியது. நார்வேயைப் பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. மில்னரின் கால், யாரும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாத ஒரு தோல்வியில் போன கால். இந்த ஒரு தேர்வில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள். அவனை டன்கர்க்கில் காயப்படச் செய்திருந்தால் ஊரே அவனைக் கொண்டாடியிருக்கும்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அவனைப் பார்க்க வரும் ஃபாயில், ஆறுதல் வார்த்தைகளை அதிகம் செலவழிப்பதில்லை. வழக்கைப் பற்றிப் பேசுகிறார், தன்னோடு வேலைக்கு வரச் சொல்கிறார். அனுதாபம் அவனை நோயாளியாகவே வைத்திருக்கும், வேலை அவனை மறுபடியும் காவலனாக்கும் என்பது அந்த மூத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டிலோ நிலைமை வேறு. அவன் மனைவி ஜேன் அந்தக் காலைப் பார்க்கவே கூசுகிறாள். அவளைக் கெட்டவளாகக் காட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கல்யாணம் செய்துகொண்ட மனிதன் ஒருவன், திரும்பி வந்தவன் வேறொருவன் என்று திகைத்து நிற்கும் ஒரு சாதாரணப் பெண்ணாக அவளைக் காட்டியிருப்பதால்தான், அவளை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நாம் தவிக்கிறோம்.

இரண்டாவது எபிசோடில் மில்னர் செய்யும் காரியம் என்னை நெடுநாள் உறுத்தியது. யூத வெறுப்பையும் ஹிட்லரோடு சமாதானத்தையும் பேசும் ஒரு நாகரிகமான தலைவனின் பேச்சில் அவன் மயங்குகிறான். பிரிட்டனில் அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி 1940 மே மாதத்தில்தான் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். நல்லவன் என்று நாம் நம்பும் ஓர் இளைஞன் அந்தக் கூட்டத்தில் போய் ஏன் உட்கார வேண்டும்? காரணத்தைத் தொடர் விளக்கிச் சொல்லவில்லை, ஆனால் நமக்குப் புரிகிறது. இந்தப் போரே தேவையில்லாத ஒன்று என்று அங்கே ஒருவன் சொல்கிறான். அதைக் கேட்கும்போது, தன் கால் வீணாகத்தான் போனது என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்த குரலை வெளியே ஒருவர் அங்கீகரித்ததுபோல மில்னருக்கு இருந்திருக்கும். மனக்காயம் மனிதனை மேன்மையாக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அடிபட்ட இடத்தில் எவன் கை வைத்துத் தடவினாலும் சாய்ந்துவிடும் பலவீனத்தையும் அது தரும் என்று காட்ட ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் துணிச்சல் வேண்டும். அதைத் தாண்டி வந்த மில்னரைத்தான் பின்னால் வரும் எபிசோடுகளில் பார்க்கிறோம், அதனால்தான் சந்தேகத்துக்குரியவர்களிடம் அவன் காட்டும் பொறுமையை நம்ப முடிகிறது.

ஃபாயிலின் மகன் ஆண்ட்ரூவின் கதை வேறு வகை. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டும் அழகான இளைஞன், தொடக்கத்தில் கொஞ்சம் அலட்டலானவன். தொடர்ந்து பறந்து, தோழர்கள் ஒவ்வொருவராகக் குறைவதைப் பார்த்து, ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று முகாமைவிட்டு ஓடிப்போய் சாமின் அறையில் ஒளிந்துகொள்கிறான். இதன் கனத்தை உணர அந்தக் கால விமானப்படையின் நடைமுறை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறக்க மறுப்பவர்கள்மீது, உடல்நலக் காரணம் எதுவும் ஏற்கப்படாவிட்டால், 'மன உறுதி அற்றவர்' என்ற முத்திரையைக் குத்த 1940-லிருந்து வழி செய்திருந்தார்கள். விமானிக்குரிய இறக்கைச் சின்னம் பறிக்கப்படலாம், அந்த முத்திரை ஆவணத்தில் நிலைத்துவிடும். எத்தனை முறை உயிரைப் பணயம் வைத்துப் பறந்திருந்தாலும் கடைசியில் மிஞ்சுவது அந்த வார்த்தைகள்தான். சட்டத்தைக் காக்கும் தகப்பனின் மகன் சட்டப்படி ஓடுகாலி. எந்த வழக்கிலும் விட்டுக்கொடுக்காத ஃபாயிலை, அவருடைய வீட்டுக்குள்ளேயே வந்து சோதிக்கிறது போர்.

அதே எபிசோடில் ஆண்ட்ரூவின் நண்பன் ஒருவன் விமான விபத்தில் தீக்காயம்பட்டு ஒரு சிறப்பு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகிறான். அந்தக் கற்பனை மருத்துவமனைக்குப் பின்னால் உண்மையான ஓர் இடம் தெரிகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரின் குயின் விக்டோரியா மருத்துவமனையில், எரிந்துபோன முகங்களுக்கும் கைகளுக்கும் மறுவடிவம் கொடுத்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்களைச் சோதனை எலிகள் என்று தாங்களே அழைத்துக்கொண்டார்கள். போர் முடிந்தபோது அதில் 649 பேர் இருந்தார்கள். நோயாளி உடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரவர் சீருடையிலேயே இருக்கலாம் என்று மெக்கிண்டோ அனுமதித்தார். ஊர்க்காரர்களிடம் போய், என் பையன்கள் கடைவீதிக்கு வருவார்கள், அவர்களை வெறித்துப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். முகத்துக்கு மட்டும் சிகிச்சை செய்தால் போதாது, அந்த முகத்தைப் பார்க்கும் கண்களுக்கும் பழக்கம் வேண்டும் என்று புரிந்துகொண்ட மருத்துவர் அவர். தொடரின் வலிமையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. காயம்பட்டவனைவிட, அவனை எதிர்கொள்ளும் மனைவியையும் தகப்பனையும் தோழியையும்தான் கேமரா அதிக நேரம் பார்க்கிறது.

போரின் காயத்தைத் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தது இந்தத் தொடரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். லார்டு பீட்டர் விம்சி என்ற துப்பறிவாளரை பிபிசி 1970-களிலேயே தொடராக்கியது. இயன் கார்மைக்கேல் நடித்தார். அதில் வரும் ஒரு கதையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11-ஐ நினைவுகூரும் நாளில், முன்னாள் ராணுவத்தினர் கூடும் ஒரு கிளப்பில், வயதான ஜெனரல் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்துகிடக்கிறார். எப்போது இறந்தார் என்பதில் பெரிய சொத்துத் தகராறே அடங்கியிருக்கிறது. அன்று தெருவில் நடமாடிய எல்லோருடைய சட்டையிலும் சிவப்பு பாப்பி மலர் இருக்கிறது. ஜெனரலின் சட்டையில் மட்டும் இல்லை. அப்படியொரு ராணுவக்காரர் அந்த நாளில் பாப்பி இல்லாமல் வெளியே வந்திருக்கவே மாட்டார் என்பதிலிருந்து, அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று விம்சி உணர்கிறார். நினைவேந்தல் மலர் இல்லாததே தடயம்! அந்த ஜெனரலின் பேரன் ஜார்ஜ், நச்சுவாயுவாலும், போர்முனை மனத்தில் விட்டுச்சென்ற குண்டதிர்ச்சியாலும் உடைந்துபோய், மனைவியின் சம்பாத்தியத்தில் வாழும் அவமானத்தில் எரிந்து விழுந்துகொண்டிருப்பவன், ஒரு கட்டத்தில் நிலைதடுமாறி, செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறான். தடயமும் மனக்காயமும் இங்கே ஒரே துணியில் நெய்யப்பட்டிருக்கின்றன, பிரித்தெடுக்க முடியாது.

குண்டதிர்ச்சி என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில் அதைப் பயன்படுத்தி எழுதினார். இரண்டே ஆண்டுகளில் ராணுவம் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லி, 'இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு' என்று எழுத உத்தரவிட்டது. போருக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு இன்று நாம் வழங்கும் நோய்ப்பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற 1980 வரை ஆனது. ஆக, இந்தத் தொடர்களின் மனிதர்கள் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லப் பெயரே இல்லாத காலத்தில் வாழ்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்ட துப்பறிவாளனுக்குத் தன்னுடைய நிலைக்கு மட்டும் பெயர் இல்லை.

ஜெர்மன் தொடரான 'பாபிலோன் பெர்லின்' இந்த முரணைத்தான் எடுத்துக்கொள்கிறது. 2017-இல் தொடங்கிய அந்தத் தொடரில், 1929-இன் பெர்லினுக்குக் கொலோன் நகரிலிருந்து கெரியோன் ராத் என்ற காவல் ஆய்வாளர் வருகிறார். போரில் தன் அண்ணனைக் களத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். கை நடுங்குகிறது, உடல் வெட்டி வெட்டி இழுக்கிறது. அப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் 'போர் நடுங்கிகள்' என்றே அழைத்தார்கள். சட்டைப்பையில் மருந்துக் குப்பிகளைச் சின்னத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது ஒன்றை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்கிறார். தலைமையகக் கழிப்பறைத் தரையில் அவர் இழுப்பு வந்து கிடக்கும்போது, அங்கே தற்காலிக எழுத்தராக வேலை செய்யும் சார்லோட் என்ற பெண் அவரைக் கண்டெடுத்து, அந்தக் குப்பி மருந்தை ஊட்டுகிறாள். இருவருக்கும் இடையிலான உறவு அந்தத் தரையிலிருந்து தொடங்குகிறது. உண்மையைத் தோண்டுவதே வேலையாக உள்ள ஒருவர், தன் உண்மையை மறைப்பதற்கு நாள் முழுவதும் படும் பாட்டை, ராத்தாக நடிக்கும் ஃபோல்கர் புரூக்கின் முகத்தில் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. எனக்கு ஒரு குறை உண்டு. போகப்போக ராத்தின் காயம் ஒரு மர்மமாக்கப்பட்டு, திரைமறைவில் வைக்கப்பட்டு, திருப்பமாக வெளியிடப்படுகிறது. அதிர்ச்சி நமக்குக் கிடைக்கிறது. ஆனால் கழிப்பறைத் தரையில் இருந்த நெருக்கம் அந்த இடத்தில் இல்லை.

2010-இல் வந்த 'ஷெர்லக்' தொடரிலும் டாக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரிலிருந்துதான் திரும்புகிறார். அவருடைய கால் தாங்கல் மனத்திலிருந்து வருவது. ஒரு துரத்தலில் ஊன்றுகோலை மறந்து ஓடியதும் அது மறைந்துவிடுகிறது. போர் உன்னை அலைக்கழிக்கவில்லை, நீ அதற்காக ஏங்குகிறாய் என்று அவரிடம் சொல்லப்படும் இடம் மிகவும் கூர்மையானது. ஆனால் முதல் எபிசோடிலேயே குணமாகிவிட்ட கால், கதைக்கு அதன் பிறகு பெரிதாகப் பயன்படவில்லை. மில்னரின் கால் வளரப்போவதில்லை.

இந்த வரிசையில் கடைசியாக, 'ஃபாயில்ஸ் வார்' தொடரின் 1944-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவமனை ஒன்றைச் சுற்றி நடக்கிறது. போர்க்கைதியாக இருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன், தன் பண்ணையில் ஒரு ஜெர்மன் போர்க்கைதி வேலை செய்வதையும், தன் மகன் அந்த ஜெர்மானியனோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறான். மருத்துவமனையில் மற்றவர்களின் மனத்தைச் சீர்செய்யும் மருத்துவர், போலந்திலிருந்து வந்த யூதர், ஃபாயிலோடு சதுரங்கம் ஆடும் நண்பர். சோவியத் படைகள் போலந்தில் இருந்த நாஜிகளின் மைதானெக் வதைமுகாமுக்குள் நுழைந்துவிட்ட ஆண்டு அது. ஊரில் விட்டுவந்த குடும்பத்தைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லாமல் அவர் அடுத்தவர் கனவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: குற்றவாளி யார் என்று தெரிந்த கணத்தில், வழக்கமாகத் துப்பறியும் கதை தரும் நிம்மதி எனக்கு வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

அதற்கு முன், 1943-இல் நடக்கும் ஓர் எபிசோடும் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி, லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் சாண்ட்ஹர்ஸ்ட் சாலைப் பள்ளிக்கூடத்தின்மீது பட்டப்பகலில் விழுந்த ஜெர்மன் குண்டில் 38 குழந்தைகளும் 6 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். தொடரில் ஃபாயிலின் ஞானமகள் தன் சிறுவயது மகனோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். குண்டு விழுந்த ஒரு பள்ளியிலிருந்து பிழைத்து வந்த பையன் அவன், அன்றிலிருந்து பேசுவதில்லை. பெரியவர்கள் கீழே போர் ரகசியங்களையும் கொலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டில் ஒரு குழந்தை வாய் திறக்காமல் இருக்கிறது. அந்த எபிசோடின் முடிவில்தான் ஃபாயில், போருக்குத் தேவைப்படும் ஒருவன் மறுபடியும் தப்பவிடப்படுவதைச் சகிக்க முடியாமல், வேலையை விடுகிறார். மூன்றாவது முறை பார்த்தபோது அந்த ராஜினாமாவைவிட அந்தப் பையனைத்தான் அதிகம் பார்த்தேன். ஊரில் உள்ள எல்லோரையும் பேச வைக்கத் தெரிந்த மனிதரின் வீட்டில், அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவர் அவனிடம் கேள்வி எதுவும் கேட்பதில்லை.